நேராக நீந்தத்தான் கேட்டேன்

சகோதர சகோதரிகளே, படைத்தவனின் சாந்தி உங்கள் வீடுகளில் நிறையட்டும். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் இதை வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னார். மைக்கைப் பார்த்தாலே எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் ஷாஜகான். கோவிந்தாபுரத்தில் வீடு. கொல்லங்கோட்டில் அத்தா நடத்தும் துணிக்கடையில்தான் எனக்கும் வேலை. என் வலது கை தோளுக்குக் கீழே ஒரு சாண் மட்டும்தான் இருக்கிறது.

பொள்ளாச்சியில் சரக்கு எடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். ஜன்னல் கம்பியில் கையை வைத்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். செக்போஸ்டுக்கு முன்னால் காய்கறி லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும். அங்கே பஸ் ஒதுங்கியபோது ஒரு லாரி உரசிக்கொண்டு போனது. சத்தம் நினைவிருக்கிறது. வலி நினைவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கை இருந்த இடத்தில் கட்டு இருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வேன்? துணிக்கடையில் ஒரு சேலையை விரித்துக் காட்ட இரண்டு கை வேண்டும். மீட்டர் கோலை ஒரு கையிலும் துணியை மறு கையிலும் பிடிக்க வேண்டும். நான் எழுந்தாலே அத்தா, "நீ உக்காருப்பா, நான் பாத்துக்கறேன்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். வாடிக்கைக்காரர்களும் அதையே சொன்னார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதையே சொன்னார்கள். முப்பது வயதுகூட ஆகாத என்னை ஊரே சேர்ந்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது.

சோற்றுக்கு இடது கையை நீட்டுவது அதைவிடக் கஷ்டம். சின்ன வயதிலிருந்து எந்தக் கையால் சாப்பிடக் கூடாது என்று அடித்துச் சொல்லி வளர்த்தார்களோ, அந்தக் கைதான் எனக்கு மிச்சம். ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சாப்பிட்டேன். தொழுகைக்கு முன் ஒளூ செய்யும்போது ஒரு கையைக் கழுவ இன்னொரு கை இல்லை. பள்ளிவாசலுக்குப் போவது குறைந்தது. பிறகு நின்றே போனது.

ஹஜ்ரத் ஒருநாள் கடைக்கே வந்தார். அத்தாவிடம் ஒரு துண்டு வாங்கினார். போகும்போது என் பக்கத்தில் குனிந்து, "இருக்கறத வெச்சுச் செய்யுங்க தம்பி. இல்லாததப் பத்திப் படைச்சவன் உங்ககிட்டக் கேக்க மாட்டான்" என்றார். அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

என் மனைவி நஸீமா ஆனைக்கரைக்காரி. அவள் வீட்டார் ஏலக்காய் வியாபாரம். அழுதுகொண்டு உட்காரத் தெரியாதவள். தோள் இறுகிப்போகாமல் இருக்கத் தண்ணீரில் பழகினால் நல்லது என்று ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எருத்தேன்பதியில் எங்கள் கடை வாடிக்கைக்காரக் கவுண்டர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு உண்டு. தோப்புக்குள் நீளமான குளம். அவரிடம் இவளே போய்க் கேட்டாள்.

"அதுக்கென்னங்கம்மா, வரச் சொல்லுங்க. கொளம் என்ன தேஞ்சா போயிரும்?" என்றார் அவர்.

பையனாக இருக்கும்போது கிணற்றில் நன்றாக நீந்துவேன். அந்தத் தைரியத்தில் இறங்கினேன். குப்புறப் படுத்து ஒரு கையால் தள்ளினால் பம்பரம் மாதிரி ஒரே இடத்தில் சுற்றினேன். மூக்கில் வாயில் தண்ணீர். மல்லாந்து படுத்ததும் உடம்பு மிதந்தது. மூச்சு விட முடிந்தது. காலை உதைத்து இடது கையைத் தலைக்குப் பின்னால் வீசினேன். நகர்ந்தேன். ஆனால் நேராக நகரவில்லை. இடது கை தள்ளத் தள்ள உடம்பு வலது பக்கமே திரும்பியது.

கரையில் குடையோடு நின்ற நஸீமா கத்தினாள். "ஏங்க, சோத்தாங்கைப் பக்கமாப் போறீக! சோத்தாங்கைப் பக்கம்!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்தக் கைதானே இல்லை. அவள் முகம் வெளுத்துப்போனது. எனக்கு என்ன ஆனதோ தெரியாது, சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே சிரித்தேன். விபத்துக்குப் பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது. அவளும் கரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதன் பிறகு தினமும் போனோம். விடியற்காலை ஃபஜ்ரைப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அப்படியே குளத்துக்கு. ஆம், மறுபடி தொழப் போக ஆரம்பித்தேன். கடைசி வரிசையில் ஓரமாக நிற்பேன். மேலே தெரியும் தென்னை ஓலைகளைப் பார்த்துக் கோணலைச் சரிசெய்யப் பழகினேன். பஞ்சாயத்து ஆபீசில் இருந்த ஒருவர்தான் 'பின்னசேஷி'க்காரர்களுக்கு, அதாவது நம் தமிழில் மாற்றுத்திறனாளிகளுக்கு, நீச்சல் போட்டி நடப்பதைச் சொன்னார். பெயர் கொடுத்தேன். மல்லாந்த நீச்சல், ஆண்கள் பிரிவு.

முதல் போட்டியில்தான் முருகேசனைச் சந்தித்தேன். வண்டிப்பெரியார் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் பேக்டரியில் வேலை. ஜீப் கவிழ்ந்து இடது கால் தொடையோடு போனவன். கட்டைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "பாய், என் காலைப் பாத்துக்கிடுங்க. எவனாவது மாட்டிட்டுப் போயிரப் போறான்" என்றான். அதுதான் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. தண்ணீரில் இறங்கினால் அவன் மீன். இரண்டு கையும் சக்கரம் மாதிரிச் சுழலும். ஒரு கோடு கிழித்த மாதிரி நேராகப் போவான். நான் பக்கத்து லேனைப் பிரிக்கும், மிதவைகள் கோத்த லேன் கயிற்றில் உரசி உரசி, தோள் தோல் சிவந்து, கடைசியில் வந்து சேர்ந்தேன்.

போகப் போக நானும் வேகம் பிடித்தேன். போன வருஷம் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகும்போது அவனுக்கும் எனக்கும் இடையில் இருந்தது கொஞ்சம்தான். அந்த மாநிலப் போட்டியில் முதலாவது வருபவருக்கு மட்டும் தேசியப் போட்டிக்குப் போக இடம். எனக்கு அந்த இடம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று சொல்ல வார்த்தை இல்லை. 'நீ உக்காரு' என்று யாரும் சொல்லாத ஒரே இடம் எனக்குத் தண்ணீர்தான். வேகம் என்னிடம் வந்துவிட்டது. கோணல்தான் போகவில்லை. கயிற்றில் உரசும்போதெல்லாம் வேகம் செத்துவிடும்.

எனவே அதையே கேட்டேன். நாம் ஒவ்வொரு தொழுகையிலும் நேரான வழியைக் காட்டச் சொல்லித்தானே அவனிடம் கேட்கிறோம்? நான் அதோடு சேர்த்து, "ரப்பே, தண்ணீரிலும் என்னை நேராகக் கொண்டுபோ" என்று கேட்டேன். வாரக்கணக்கில் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் கிடந்து கேட்டது இது ஒன்றைத்தான்.

போட்டி துலா மாத மழைக்காலத்தில், நம் ஐப்பசியில். வெளியூர்க் கல்லூரி ஒன்றின் திறந்தவெளி நீச்சல் குளம். காலையில் பளிச்சென்று வெயில். மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கருக்கத் தொடங்கியது. மழை வருவதற்குள் எங்கள் போட்டியை முடித்துவிடலாம் என்று நடுவர்கள் அவசரப்படுத்தினார்கள். நான் உடை மாற்றும் அறையின் மூலையில் லுஹர் தொழுதேன். நஸீமா கேலரியில் இருந்தாள். முருகேசனுக்கு என் வலது பக்கத்து லேன்.

"பாய், இன்னைக்காவது நேராப் போவீகளா? எங்கிட்ட வந்து இடிச்சிராதீக" என்றான்.

"உன்னய இடிக்கோணும்னா மொதல்ல உன்னயப் புடிக்கோணுமப்பா" என்றேன்.

சிரித்தோம். பயத்தை மறைக்கத்தான் அந்தச் சிரிப்பு.

மல்லாந்த நீச்சலில் தண்ணீருக்குள்ளிருந்துதான் கிளம்ப வேண்டும். இடது கையால் கம்பியைப் பிடித்து, பாதங்களைச் சுவரில் ஊன்றி, முழங்காலை மடக்கித் தொங்கினேன். பிஸ்மில்லாஹ். சத்தம் வந்தது. தள்ளினேன்.

அந்த நீச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போகும் திசை நமக்குத் தெரியாது. முகம் வானத்தைப் பார்த்திருக்கும். சுவர் தலைக்குப் பின்னால் எங்கேயோ இருக்கும். அதனால் சுவருக்குக் கொஞ்சம் முன்னால் குளத்தின் குறுக்கே, உயரத்தில், சின்னச் சின்னக் கொடிகள் கோத்த ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். கண்ணில் கொடி பட்டால், இன்னும் எத்தனை வீச்சில் சுவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கொடியை நம்பித்தான் முழு வேகத்தில் போகிறோம்.

பாதிக் குளம் நன்றாகப் போனேன். நேராகப் போனேன். காதுக்குள் என் மூச்சு மட்டும். ஓரக்கண்ணில் முருகேசனின் கை எழும்பி விழுவது தெரிந்தது. அவன் கொஞ்சம் முன்னால். எட்டிவிடலாம் என்று தோன்றியது.

அப்போது மழை விழுந்தது. துளியாக இல்லை, கொட்டியது. நீச்சல் கண்ணாடி மேல் தண்ணீர் அறைந்தது. வானம் வெள்ளையாகிவிட்டது. கூடவே காற்று. எதுவும் தெரியவில்லை. உடம்பு பழைய குணத்தைக் காட்டியது. வலது பக்கம் இழுத்துப் போய்க் கயிற்றில் சேர்த்தது. மொட்டைத் தோள் மிதவைகளில் கடகடவென்று உரசியது. எரிந்தது. 'யா அல்லாஹ், இன்னைக்குமா? இதைத்தானே கேட்டேன்?' என்று மனதுக்குள் கதறினேன். உதைக்க உதைக்கக் கயிறு என்னை விடவில்லை. வேகம் போனது. கண்ணைச் சுருக்கிக் கொடியைத் தேடினேன். காணவில்லை.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காற்றில் கொடிக் கம்பம் சாய்ந்து கயிறு தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் நின்ற நடுவர்கள் எங்கள் மேல் கம்பம் விழாமல் இருக்க ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போட்டியை நிறுத்த விசில் ஊதினார்களாம். மழையும் இரைச்சலும். காது தண்ணீருக்குள். எங்களுக்கு எப்படிக் கேட்கும்?

எனக்குக் கேட்டது வேறு. தண்ணீருக்குள் ஒரு சத்தம். தேங்காய் கல்லில் விழுந்த மாதிரி.

அது என்னவென்று நினைப்பதற்குள் என் கை தலைக்குப் பின்னால் இறங்கியது. சுவர் இல்லை. கயிறு இல்லை. மெத்தென்று எதுவோ. வழுக்கிக்கொண்டு கீழே போனது. மனித உடம்பு.

புரண்டேன். முருகேசன் முழு வேகத்தில் சுவரில் மோதியிருந்தான். தலையால். கயிற்றுக்கு அடியில் பாதி என் பக்கம் வந்து, முகம் கீழே பார்க்க, இறங்கிக்கொண்டிருந்தான். தண்ணீரில் சிவப்பு. தலையைப் பிடித்தேன். அவன் ரப்பர் தொப்பி கையோடு வந்துவிட்டது. வெறும் தொப்பி. அந்த நொடியில் என் நெஞ்சு நின்றதை இப்போதும் உணர்கிறேன்.

தொப்பியை விட்டேன். மூச்சை இழுத்து உள்ளே போனேன். கண்ணாடி நழுவியது. தடவினேன். தோள் கிடைத்தது, வழுக்கியது. மறுபடி. அவன் அக்குளுக்குள் கையைக் கொடுத்து மார்போடு இறுக்கினேன். உதைத்தேன். இரண்டு ஆள் பாரம். காலில் தீப்பிடித்த மாதிரி இருந்தது. மேலே வந்தபோது அவன் தலை என் கழுத்தில் தொங்கியது. மூச்சு இல்லை.

சுவர் பக்கத்தில்தான். ஒரு முழம். ஆனால் பிடிக்கக் கை இல்லை. இருந்த ஒரு கையில் அவன் இருந்தான். கையை எடுத்தால் அவன் போய்விடுவான். எடுக்காவிட்டால் இருவரும் போவோம். மறுபடி முங்கினோம். தண்ணீர் குடித்தேன். அந்த நேரத்தில் அரபியும் வரவில்லை, மனப்பாடம் செய்த துஆவும் வரவில்லை. தாய்மொழியில்தான் வந்தது. 'அல்லா, ஆள் வர்ற வரைக்கும் இந்த ஒரு கையை விட்டுறாதே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்தக் கையை மட்டும்.'

அப்போது வலது தோளில் ஏதோ தட்டியது. லேன் கயிறு. எத்தனை தடவை என் தோலை உரித்த கயிறு! மிச்சமிருந்த அந்த ஒரு சாண் கையைத் தூக்கிக் கயிற்றை அக்குளுக்குள் வைத்து, என் பலம் அத்தனையும் சேர்த்து இறுக்கினேன். மிதவைகள் சதைக்குள் பதிந்தன. கயிறு தாழ்ந்தது. ஆனால் தாங்கியது. மூக்கு மேலே நின்றது. அவன் முகத்தை வானம் பார்க்கத் திருப்பினேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. என் பெயரைச் சொல்லி அலறும் நஸீமாவின் குரல் மழைக்குள்ளிருந்து கேட்டது. யாரோ சட்டையோடு குதித்தார்கள். பிறகு இன்னொருவர். என் கையிலிருந்து பாரம் போனது. எனக்கு விரல்களை விரிக்க வரவில்லை. அவர்கள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

கரையில் அவன் நெஞ்சை அழுத்தினார்கள். மழை அவன் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. நான் முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை அவன் உடம்பு குலுங்கி வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மூச்சு வந்தது. கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நானும் நஸீமாவும் பின்னாலேயே ஆட்டோவில் போனோம். அவனுடைய பையும் கட்டைக் காலும் நஸீமாவின் மடியில் இருந்தன.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். காயத்தைத் தைத்தார்கள். நுரையீரலில் தண்ணீர் போயிருக்கிறது, மூளையில் அடி எப்படி என்று இப்போது எதுவும் சொல்ல முடியாது, நினைவு திரும்புவதைப் பார்க்க வேண்டும் என்று மலையாளத்தில் டாக்டர் சொன்னார். கதவு மூடியது.

அப்போது பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால், முருகேசனின் மனைவி செல்வி. எஸ்டேட்டிலிருந்து. போட்டி முடிந்திருக்கும் என்று கூப்பிடுகிறாள். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. நஸீமா என்னைப் பார்த்தாள். எடுத்தேன்.

"என்னங்க, ஜெயிச்சிட்டீகளா?" என்றாள் செல்வி.

"நான் ஷாஜகான் பேசறனுங்கம்மா."

மெல்லிய குரலில், "பாய் அண்ணே… அவுக எங்க?" என்றாள்.

சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். அழுகை கேட்கும் என்று எதிர்பார்த்தேன். மூச்சுத்தான் கேட்டது. "நான் இப்பவே கிளம்புதேன். மலை இறங்கி வந்து சேர நேரமாகும்ணே. அதுவரைக்கும் அவுக பக்கத்துல இருங்க. நீங்க கும்பிடுற சாமிகிட்டச் சொல்லுங்க. நான் மாரியாத்தாகிட்டச் சொல்லிக்கிட்டே வாரேன்."

"இங்கயேதான் இருப்பனுங்கம்மா" என்றேன்.

வராந்தாவின் கடைசியில் ஈரத் துண்டை விரித்து அஸர் தொழுதேன். வலது தோள் வீங்கி, தையல் போட்ட மாதிரிக் கயிற்றின் தடம் ஓடியிருந்தது. ஸஜ்தாவில் நெற்றியை வைத்ததும் எழுந்திருக்க மனம் வரவில்லை. 'தண்ணீரிலிருந்து எடுக்கக் கை கொடுத்தாய். பாதியில் விட்டுவிடாதே. மலை இறங்கி வரும் அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?' இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. போட்டி என்று ஒன்று நடந்ததே மறந்துபோயிருந்தது.

நேரம் போனது. நர்ஸ் வெளியே வருவாள், எங்களைப் பார்ப்பாள், தலையை அசைத்துவிட்டுப் போவாள். இன்னும் இல்லை. நஸீமா உதடு அசைய ஓதிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை உள்ளே ஏதோ இயந்திரம் விட்டு விட்டுச் சத்தம் போட்டது. இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். நஸீமா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

பக்கத்துப் பள்ளிவாசலில் அந்தி நேர மஃரிப் பாங்கு கேட்டது. பாங்கு முடியும்போது நர்ஸ் வந்தாள். "இங்கே பாய் யார்? கூப்பிடுகிறார்" என்றாள்.

ஓடினேன். தலை முழுக்கக் கட்டு. முகம் வீங்கியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"பாய்," என்றான். குரல் வரவில்லை. குனிந்தேன். "சொவத்தத் தொட்டேனா?"

"தொட்டியே. தலையால தொட்டிருக்கறயப்பா" என்றேன்.

அவன் உதடு கோணி ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். நான் அந்தக் கட்டில் கம்பியில் தலையை வைத்துக் குழந்தை மாதிரி அழுதேன்.

செல்வி வந்து சேர்ந்தபோது அவன் இரண்டு வாய் கஞ்சி குடித்திருந்தான். அவள் நேராக அவனிடம் போகவில்லை. வாசலில் நின்று தூரத்திலிருந்தே அவன் பேசுவதைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பிக் காலைத் தொட வந்தாள். தடுத்தேன். "என்னயத் தொடாதீங்கம்மா. எடுத்தது நானில்ல. அந்த நேரத்துல என்ற கையில அவ்வளவு பலம் ஏது?" என்றேன். பணிவுக்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னேன். மறுநாள் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கக்கூட அந்தக் கையால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிதானமாக யோசித்தேன். யோசிக்க யோசிக்க உடம்பு சிலிர்த்தது. நான் கேட்டபடி அல்லாஹ் என்னை நேராகக் கொண்டுபோயிருந்தால்? கொடி இல்லை, கண் தெரியவில்லை. அதே வேகத்தில் நானும் போய் அதே சுவரில் மோதியிருப்பேன். இருவரும் அடியில் கிடந்திருப்போம். 'இன்னைக்குமா' என்று நான் கதறிய அந்த நொடியில், என் தோலை உரித்து, என் வேகத்தைப் பிடித்து இழுத்து, எங்கே போக வேண்டுமோ அங்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தான். எனக்கு அது தெரியவில்லை. மல்லாந்து கிடப்பவனுக்குப் போகும் இடம் எப்படித் தெரியும்?

அன்றைய போட்டி செல்லாது என்று அறிவித்தார்கள். மழைக்காலம் முடிந்து மறுபடி வைத்தார்கள். முருகேசனுக்கு அதற்குள் காயம் ஆறி, டாக்டரும் சம்மதித்திருந்தார். அவன் முதலாவது வந்தான். நான் இரண்டாவது. தேசியப் போட்டிக்குப் போனவன் அவன்தான். சுவரைத் தொட்டதும் கயிற்றுக்கு மேலே எட்டி என் கையைப் பிடித்து அவனே மேலே தூக்கினான். எல்லாரும் கை தட்டினார்கள். கேலரியில் அத்தா இருந்தார். என் போட்டிக்கு முதல் தடவையாக வந்திருந்தார். எழுந்து நின்றிருந்தார்.

மறுநாள் கடையில் ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. அத்தா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஷாஜகானு, அந்தப் பச்சச் சேலைய எடுத்துக் காட்டுப்பா" என்றார். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு முனையைக் கையால் வீசி விரித்தேன். அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள், "நீ கேட்டது கிடைக்கலயே, அப்பறம் எப்படி துஆ கபூலாச்சு, அல்லா ஏத்துக்கிட்டான்ங்கற?" என்று. நான் முருகேசனின் நம்பரைக் காட்டுகிறேன். வேண்டுமானால் அவனிடமே பேசுங்கள் என்கிறேன். எஸ்டேட்டிலிருந்து அவன் எடுத்து, "சொல்லுங்க பாய்" என்று சொல்வான் பாருங்கள், அதுதான் என் துஆவின் பதில். அல்ஹம்துலில்லாஹ். ஆயிரம் தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

இப்போது நான் எல்லார் முன்னாலும் இடது கையால் சாப்பிடுகிறேன். ஐந்து நேரமும் பள்ளிவாசலுக்கு வருகிறேன். இன்றைக்கும் குளத்தில் கோணலாகத்தான் போகிறேன். சலித்துக்கொள்வதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தலைக்கு மேல் வெள்ளம் போகிற கஷ்டம் இருக்கலாம். நோயோ, வீட்டுக்குள் சண்டையோ, வெளியில் சொல்ல முடியாத ஏதோ ஒன்றோ. படைத்தவனிடம் கேளுங்கள். அழகான வார்த்தை வராவிட்டாலும் உங்கள் வாயில் வருகிற பேச்சில் கேளுங்கள். எப்படித் தர வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். தனியாகக் கேட்கத் தெம்பு இல்லையென்றால் ஃபஜ்ருக்கு எங்கள் பள்ளிவாசலுக்கு வாருங்கள். கடைசி வரிசையில் இடது ஓரத்தில் இருப்பேன். பக்கத்தில் வந்து உட்காருங்கள். எனக்கு ஒரு கை, உங்களுக்கு இரண்டு. மூன்றையும் சேர்த்து ஏந்துவோம்.